பத்து வயதுப் பிள்ளையின் மனமும் அக்குபங்சர் மருத்துவமும்

(அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



 செங்கல்பட்டிலிருந்தும், திருக்கழுக்குன்றம், திருப்போரூர், கோவளம், புதுப்பட்டினம் பக்கத்திலிருந்தும் வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் வருகையை ஏற்றுக்கொள்வானாக.

எங்கள் ஞாயிறு முகாமுக்கு வரும் தாய்மார்கள் முன்பெல்லாம் முழங்கால் வலி, இடுப்பு வலி என்று தங்களுக்காக வருவார்கள். இப்போது பத்து, பதினொரு வயதுப் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "ராத்திரி தூங்க மாட்டேங்குறான்", "ஸ்கூல் என்றாலே வயிற்று வலி என்கிறாள்", "சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறான்" என்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஊசி, மருந்து இல்லாமல் தொட்டே சரியாக்குகிறார்களாமே, என் பிள்ளைக்கும் அக்குபங்சர் செய்யலாமா?"

இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்யலாம். ஆனால் அது பிள்ளையின் பேச்சைக் கேட்பதற்குத் துணையாக இருக்க வேண்டும். கேட்பதற்குப் பதிலாக ஆகிவிட்டால் தீங்கு வரும். இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் தவறிலிருந்து தெரிந்துகொண்டோம்.

எங்கள் தவறு

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். அத்தா வளைகுடாவில் வேலை செய்கிறார். பையனுக்குத் தலைவலி, தூக்கமின்மை, தங்கை மீது காரணமில்லாத கோபம். எங்கள் முகாமில் வாரம் ஒருமுறை அவனைப் படுக்க வைத்து, நாடி பார்த்து, கையிலும் காலிலும் சில புள்ளிகளைத் தொட்டு சிகிச்சை கொடுத்தோம். மூன்றாம் வாரம் அவன் அம்மா சிரித்த முகத்துடன் வந்தார். "பிள்ளை தூங்குகிறான்" என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். இரண்டு மூன்று குடும்பங்களுக்கு இதை உதாரணமாகவும் சொன்னோம்.

ஐந்தாம் வாரம் அவன் வரவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மறுத்தான். அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். பிறகுதான் எல்லாம் தெரிந்தது. டியூஷன் வேனில் பெரிய பையன்கள் சிலர் பல மாதங்களாக அவனிடம் காசு பிடுங்கியிருக்கிறார்கள். அவனை அழவைத்து, போனில் படம் எடுத்து, அதைக் காட்டியே மிரட்டியிருக்கிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அந்த அம்மா அன்றே பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மனநல மருத்துவர் பார்த்தார், ஆலோசகர் பேசினார், பள்ளியிலும் பேசப்பட்டது. இன்று பிள்ளை நலமாக இருக்கிறான். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று ஆலோசகர் கேட்டதற்கு அவன், "யாரும் கேட்கலையே" என்று சொன்னானாம்.

நான்கு வாரம், வாரத்துக்கு இருபது நிமிடம், அவன் எங்கள் முன்னால் கண்ணை மூடிப் படுத்திருந்தான். நாடியைப் பார்த்தோம், நாக்கைப் பார்த்தோம். "வேனில் என்ன நடக்கிறது?" என்று கேட்கவில்லை. கொஞ்சம் தூக்கம் வந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான், ஊர், பெயர் இல்லாமல், இதைச் சொல்கிறோம். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

இது என்ன வயது?

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளை சிறு குழந்தையும் இல்லை, வாலிபரும் இல்லை. உடல் மாறத் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்து பெரிய பள்ளிக்குப் போகிறது. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வரலாம். முன்பே சொல்லி வைக்காவிட்டால் பயந்துவிடும். ஆண் பிள்ளைக்கும் உடலில் மாற்றம் வரும், கேட்க வெட்கப்படும். "இனி தொழுகையை விடக்கூடாது, நீ பெரியவன்" என்கிறோம். அடுத்த நிமிடமே "சின்னப் பிள்ளை, வாயை மூடு" என்கிறோம். நம் வீடுகளில் பலவற்றில் அத்தா ஒரு வீடியோ அழைப்பில்தான் இருக்கிறார்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இது உலகக் கணக்கு. அதில் நம் பிள்ளைகளும் அடக்கம்.

இந்த வயதுப் பிள்ளைக்கு "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லத் தெரியாது. உடம்பு வழியாகச் சொல்லும். வயிறு வலிக்கும், தலை வலிக்கும், கை வேர்க்கும், பசிக்காது. இது நடிப்பு அல்ல, வலி உண்மையானது. யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் அவர்களுடைய கண்களே வெளுத்துப்போனதாகக் குர்ஆன் கூறுவதை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். ஒரு நபியின் உடலையே கவலை தொட்டது என்றால், பத்து வயதுப் பிள்ளையின் வயிற்றைத் தொடாதா?

இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்கள். கடல் கொஞ்சம் இரைந்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது என்று அவர்களில் சிலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வயதில் உள்ளே போனது எளிதில் வெளியே வருவதில்லை.

சீன மருத்துவம் என்ன சொல்கிறது?

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது சாலையெல்லாம் மூடியிருந்தது நினைவிருக்கும். அந்த நாட்டில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டு வரும் மருத்துவ முறையில் ஒரு பகுதிதான் அக்குபங்சர். உடலில் 'சி' என்ற உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய் வருகிறது, பாதையில் உள்ள புள்ளிகளைத் தூண்டினால் ஓட்டம் சீராகிறது என்பது அதன் கொள்கை. மெல்லிய ஊசியால் தூண்டினால் அக்குபங்சர், விரலால் அழுத்தினால் அக்குபிரஷர். நம் ஊர்களில் ஒரே விரலால் ஒரே புள்ளியைத் தொடும் முறையையும் அக்குபங்சர் என்றே சொல்கிறார்கள்.

அந்த மருத்துவம் மனத்தையும் உடலையும் பிரிப்பதில்லை. கோபம் கல்லீரலோடும், பயம் சிறுநீரகத்தோடும், துக்கம் நுரையீரலோடும், ஓயாத யோசனை மண்ணீரலோடும், அளவு மீறிய களிப்பு இதயத்தோடும் சேர்ந்தவை என்று அது கூறுகிறது. தமிழில் நாமும் இப்படித்தான் பேசுகிறோம். பயத்தில் ஈரக்குலை நடுங்கியது என்கிறோம், வயிற்றைக் கலக்கியது என்கிறோம், துக்கத்தில் நெஞ்சு அடைத்தது என்கிறோம்.

நம் இஸ்லாமிய மருத்துவ மரபிலும் இந்தச் சிந்தனை உண்டு. 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். கோபம், பயம், துக்கம், திரும்பத் திரும்ப வரும் வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து விளக்கினார். மனநலத்தைப் பற்றிப் பேசுவது மேற்கத்திய நாகரிகம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாடி பார்த்த ஹீலர் "பிள்ளைக்குக் கல்லீரல் பலவீனம்" என்று சொன்னால் பதறாதீர்கள். அது சீன மருத்துவத்தின் சொல்வழக்கு. கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதேபோல் "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது" என்று நாடியை வைத்துச் சொன்னால், அது சிறுநீர்ப் பரிசோதனைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஈடாகாது.

நம் நாட்டுக்கு வந்த வழி

1938-ல் ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழு சென்றது. அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். இன்னொருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு பிற்காலத்தில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, கொல்கத்தாவில் அதைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-லேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு 2019-ல் அக்குபங்சரை ஒரு தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

முறையை அங்கீகரித்தது என்றால், போர்டு மாட்டிய எல்லோரையும் அங்கீகரித்தது என்று பொருளல்ல. சில வார வகுப்பு முடித்தவரும் ஹீலர்தான், பல ஆண்டு படித்தவரும் ஹீலர்தான். சான்றிதழைப் பார்த்தே ஆக வேண்டும். ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அந்தப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அரசிடம் பதிவு பெற்றவர்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செங்கல்பட்டிலும் அரசின் யோகா, இயற்கை மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத் நூலில் வருகிறது. ஆகவே, "நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பலன் உண்டா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட வலிக்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் அக்குபங்சர் உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் உள்ளன. மனச்சோர்வு பற்றி 2018-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 64 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களைவிட அக்குபங்சர் பெற்றவர்களுக்கு ஓரளவு குறைந்திருந்தது. போலி ஊசி போட்டுப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிது. சான்றுகளின் தரமும் குறைவு என்று அதுவே கூறியது. அதுவும் பெரியவர்களைப் பற்றியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் மனநலம் பற்றி நடந்த ஆய்வுகள் மிகவும் குறைவு.

போலி ஊசிக்கும் பலன் கிடைக்கிறது என்பதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அமைதியான அறை, அவசரமில்லாத ஒருவர், அன்பான தொடுதல், இருபது நிமிடம் போன் இல்லாமல் படுத்திருப்பது இவையெல்லாம் பிள்ளையைச் சாந்தப்படுத்துகின்றன. அப்படியானால் அதில் பெரும்பகுதியைப் பெற்றோரான நீங்களே செலவில்லாமல் கொடுக்கலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை. பதினொரு வயது. நன்னி மவுத்தான பிறகு இரவில் பயந்து எழுந்துகொள்வாள். பரீட்சை நாளில் கை வேர்த்துப் பேனா வழுக்கும். அவள் அம்மாவுக்கு மணிக்கட்டில் அழுத்தும் இரண்டு புள்ளிகளைக் கற்றுக்கொடுத்தோம். தினமும் இஷாவுக்குப் பிறகு செய்தார். முதல் வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் அம்மாவின் கை மணிக்கட்டில் இருக்கும்போதே பிள்ளை கேட்டிருக்கிறாள்: "நீங்களும் போயிடுவீங்களாம்மா?" அன்று இருவரும் அழுதார்கள், நன்னியைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அதன்பின் தூக்கம் மெல்ல மெல்லச் சீரானது. புள்ளி வேலை செய்ததா, அம்மாவின் கை வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

முதல் புள்ளி: பிள்ளையின் உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக, பிள்ளையின் மூன்று விரல் அகலம் தள்ளி, நடுவில் கயிறுபோல் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள இடம். சீன மொழியில் நெய்குவான் என்பார்கள். படபடப்புக்கும் குமட்டலுக்கும் இதை அழுத்துவார்கள்.

இரண்டாம் புள்ளி: மணிக்கட்டு மடிப்புக் கோட்டிலேயே, சுண்டு விரல் பக்கம் உள்ள சிறு குழி. ஷென்மென் என்று பெயர். தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் இதைச் சொல்கிறார்கள்.

மூன்றாம் இடம்: இரண்டு புருவங்களுக்கு நடுவே. இதை அழுத்தாமல் விரலால் மெதுவாகத் தடவினால் போதும்.

ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடம். வலிக்கும்படி அழுத்தக் கூடாது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் பயன் போய்விடும். செய்யும்போது உங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும். மார்க் பற்றியும் ஹோம்வொர்க் பற்றியும் அப்போது பேசாதீர்கள். "இன்று எது உனக்குப் பிடிச்சுது? எது பிடிக்கலை?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கும் கேளுங்கள்.

வுளு, ஸஜ்தா எல்லாம் அக்குபிரஷர்தான் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. இபாதத்தை அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம். அதை மருத்துவ விளம்பரம் ஆக்க வேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான வேண்டுகோள்.

இதோடு தூக்கமும் வேண்டும். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் தேவை. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். இரத்தசோகை இருந்தாலும் பிள்ளை சோர்ந்து எரிச்சலாக இருக்கும். அதனால் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

ஒன்று, ஆன்லைனில் வரும் சீன மூலிகை மாத்திரைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மனதைச் சாந்தப்படுத்தும் என்று சொல்லப்படும் பழைய சீன மருந்து ஒன்றில் சின்னபார், அதாவது பாதரசம் கலந்த ஜாதிலிங்கம், சேர்க்கப்படுகிறது. 1990-களில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் சீன மூலிகை என்று சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மூலிகை என்றால் தீங்கில்லை என்று அர்த்தமில்லை. ஹலால் பிரச்சினையும் உண்டு. கழுதைத் தோலிலிருந்து எடுக்கும் பசையும் சீன மருத்துவத்தில் ஒரு பெயர் பெற்ற மருந்து. துக்கத்தில் இருப்பவருக்கு இதமான உணவு தேடுகிறீர்களா? வாற்கோதுமை மாவில் செய்யும் தல்பீனா கஞ்சி உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பாலும் தேனும் சேர்த்து வீட்டிலேயே செய்யலாம்.

இரண்டு, ஊசி போடுவதாக இருந்தால் உறை பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியாக இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி இன்னொருவருக்குப் பரவும். இரத்தம் உறையாத நோய் உள்ள பிள்ளைக்கும், ஊசிக்குப் பயப்படும் பிள்ளைக்கும் வேண்டாம். எங்கள் முகாமில் பிள்ளைகளுக்குத் தொடுதல் மட்டுமே, ஊசி போடுவதில்லை.

மூன்று, சிகிச்சையின்போது பெற்றோரில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பெண்தான் பார்க்க வேண்டும். "வெளியே உட்காருங்கள்" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

நான்கு, இதுதான் மிக முக்கியம். "இங்கே வந்துவிட்டால் வேறு மருந்தெல்லாம் நிறுத்திவிட வேண்டும்" என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின், மனநல மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. இன்சுலினை நிறுத்தினால் பிள்ளையின் உயிர் சில நாட்களில் போய்விடும்.

மருந்தும் துஆவும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள். நம்பிக்கையோடு குடும்பங்கள் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள். அதன்பிறகு பல ஆண்டுகள் கழித்து, அதே ஏர்வாடியில் துஆவோடு அரசு மருத்துவரின் மருந்தும் கிடைக்கும்படி 'தவா துஆ' என்ற திட்டம் வந்தது. நம்பிக்கையும் மருத்துவமும் ஒன்றையொன்று தடுக்கக் கூடாது என்று நம் சமுதாயம் அவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது. அக்குபங்சர் விஷயத்திலும் அந்தப் பாடத்தை மறக்க வேண்டாம். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்றும் அறிவித்தவர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், எழுதினால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், வலிப்பு வந்தால், சாப்பாட்டை நிறுத்தி எடை குறைந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போக மறுத்தால், குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டாலோ குறிப்பிட்ட இடத்துக்குப் போனாலோ திடீரென்று பயந்தால், முகாமுக்கு வராதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. இரவு நேரமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் 1098.

"மனநல மருத்துவரிடம் போனால் நாளைக்குக் கல்யாணத்தில் பேச்சு வருமே" என்று பயப்படும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் எங்களுக்கும் புரிகிறது. அந்தப் பையனின் அம்மாவும் அப்படி ஒரு நொடி தயங்கியதாகச் சொன்னார். தயக்கத்தை மீறி அன்றே போனார். இன்று பிள்ளை அவர் பக்கத்தில் இருக்கிறான்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் முகாமின் முறையை மாற்றிவிட்டோம். பிள்ளையோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் நாடி பார்க்கிறோம். பள்ளியில் யாரோடு சாப்பிடுகிறாய், போகும் வழியில் யார் இருக்கிறார்கள், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று மூன்று கேள்விகள் கேட்கிறோம். மருத்துவரிடம் காட்டிய சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் நாங்களே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கிறோம். மாற்றம் தெரிந்தாலும் கேள்வியை நிறுத்துவதில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் சேவை செய்ய வந்தபோது அவர்களுக்கு வயது பத்து. நம் பிள்ளைகளின் அதே வயது. பத்து ஆண்டுகள் கூடவே இருந்தார்கள். ஒரு நாளும் அவர்களைச் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை. அவர்களுடைய தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு குருவி செத்துப்போய் அந்தக் குழந்தை வாடியிருந்தபோது, உம்மத்தின் பாரத்தையெல்லாம் சுமந்த நபி (ஸல்) அவர்கள் அவனிடம் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு குருவிதானே என்று கடந்து போகவில்லை.

நம் பிள்ளைக்கும் ஏதோ ஒரு குருவி செத்திருக்கும். நமக்கு அது தெரியாது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கையை எடுத்து உங்கள் மடியில் வையுங்கள். புள்ளி சரியாகத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், கேள்வியைக் கேளுங்கள்.

நம் பிள்ளைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. எங்கள் தவறுகளை மன்னிப்பானாக. ஆமீன்.